கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குரங்கு

மேசை விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் கிடந்த இன்னொரு விளக்கைப் பெரியவர் போட்டார். இரண்டு மரத்தாங்கிகளின்மேல் முகம் கவிழ்ந்து கிடந்த கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது. ஒவ்வொரு பொட்டும் சாயம் உதிர்ந்த இடம். மூக்குக் கண்ணாடியின்மேல் பூதக்கண்ணாடிப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

சிகாகோவின் மேற்குப் புறநகரில் ஒரு வீட்டின் நிலவறை. சுவரோரம் போட்டிருக்கும் மடக்கு நாற்காலி எனக்கு. கேள்வி கேட்காதவரை உட்கார்ந்திருக்கலாம் என்பது ஏற்பாடு.

அறையின் நடுவில் கால் கழற்றிய நிலையில் கிடக்கிறது காட்லீப் கம்பெனியின் 'சென்ட்ரல் பார்க்', 1966-ல் செய்த பின்பால் இயந்திரம். நம் ஊரில் பார்த்திராதவர்களுக்கு: சற்றே சாய்ந்த ஒரு மரப்பலகை, அதன்மேல் ஓடும் 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு. ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் குண்டு மேலேறி, பம்பர்களில் மோதி, மணியடித்து, மதிப்பெண் ஏற்றிக் கீழே சரியும். அடியில் இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு ஃபிளிப்பர்கள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை குண்டைத் திரும்ப மேலே அடிக்கும். தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியின் முகப்புதான் இப்போது மரத்தாங்கியில் கிடக்கும் ஓவியக் கண்ணாடி. பூங்காவில் ஒரு நாள். கூட்டம், சிரிப்பு, நடுவில் ஒரு குரங்கு. குரங்கு மட்டும் கண்ணாடியில் இல்லை. அது தனித் தகடு. சாயம் பூசாமல் விட்ட இடத்துக்குப் பின்னால் நின்று, ஆட்டத்தின் நடுவே நிஜமாகவே மணியை அடிக்கும்.

வரைந்தவர் ராய் பார்க்கர். 1947-ல் முதன்முதலாக ஃபிளிப்பர் வைத்து வந்த 'ஹம்ப்டி டம்ப்டி'க்குப் படம் போட்டவரும் அவர்தான். காட்லீப் கம்பெனிக்கு அவர் வரைந்த கண்ணாடிகளைச் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வேடிக்கைகளின் ஒரு தொகுப்பே கிடைக்கும். ஓவியக் கூடங்கள் அவரை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. மதுக்கடை மூலையில் மின்சாரம் பாய்ச்சித் தொங்கவிட்ட படத்தை யார் கலை என்பார்கள்?

இந்தக் கண்ணாடியின் சூட்சுமம் பின்புறத்தில் இருக்கிறது. பட்டுத்திரை அச்சில் பின்னாலிருந்து அச்சிட்டது. அதனால் வரிசை தலைகீழ். சாதாரண ஓவியத்தில் கண்ணுக்குக் கடைசியாகப் புள்ளி வைப்பார்கள். இதில் அந்தப் புள்ளிதான் முதலில். கறுப்புக் கோடுகள், பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம், மேனி நிறம், அவற்றுக்குப் பின்னால் வெள்ளை, எல்லாவற்றுக்கும் முதுகாக வெளிச்சம் புகாத ஒரு பூச்சு. பெட்டிக்குள் விளக்கெரியும்போது எந்த முகம் ஒளிர வேண்டும், எது மங்கிக் கிடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசிப் பூச்சின் இடைவெளிகள். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களிலும் இதே தலைகீழ் முறைதான். நகையும் கோடும் முன்பு, பின்னணி பிறகு. (வீட்டில் அப்படி ஒரு கிருஷ்ணர் இருந்தால், தயவுசெய்து பின்புறத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படம் துணியோடு வந்துவிடும்.)

சாயம் ஏன் உதிர்கிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓவியத்துக்குப் பின்னால் சில அங்குல தூரத்தில் வரிசையாக பல்புகள். மாலையில் சூடேறும், நள்ளிரவில் ஆறும். கண்ணாடி விரிவது ஒரு அளவு, சாயம் விரிவது வேறு அளவு. கடையில் ஓய்வுபெற்ற இயந்திரம் அடுத்துப் போவது யாருடைய கார் ஷெட்டுக்கோ. அங்கே சிகாகோவின் குளிரும் கோடையின் ஈரமும். ஐம்பது அறுபது வருடத்தில் சாயம், வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கி நிற்கும்.

பெரியவர் சாமணத்தை எடுக்கிறார். தூக்கி நிற்கும் செதில்களில் இரண்டொன்றை மட்டும் இடம் நகர்த்துகிறார். ஏற்கெனவே கழன்றவை ஒரு டப்பா மூடியில், எந்தப் பகுதி என்று எழுதிய சீட்டோடு இருக்கின்றன. கண்ணாடி மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். பிறகு ஸ்பிரே டப்பா. தெளிந்த அக்ரிலிக், கெட்டியாகப் படிவது. முதலில் ஒரு ஓரத்தில், சட்டத்துக்குள் மறைந்துபோகும் இடத்தில், விரலகலம் அடித்துவிட்டு மேலே போய்விட்டார். காபி குடித்துவிட்டு வந்தார் போலிருக்கிறது. சாயம் சுருங்கவில்லை என்று கண்டபின்தான் மீதி. மெல்லிய படலம், உலர்த்தல், மறுபடி மெல்லிய படலம்.

இது திரும்ப எடுக்க முடியாத வேலை. எதைச் செய்தாலும் பின்னொரு நாள் அகற்றக்கூடியதாகச் செய் என்பது அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களின் பால பாடம். அவர்கள் இந்த ஸ்பிரே டப்பாவைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் உதிர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடிக்கு நாள் குறித்தாகிவிட்டது. இருப்பதை இருக்கும் இடத்தில் நிறுத்த வேறு வழி இல்லாதபோது பெரியவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அக்ரிலிக் உலர்ந்த பிறகே தூரிகை. இவர் வேலைக்காலம் முழுக்கக் கடைப்பலகை எழுதியவர். அந்தக் கை இப்போது அரிசிமணி அளவு இடத்தில் நீலம் வைக்கிறது. கண்ணாடிக்கு அடியில், தரையில், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மல்லாந்து கிடக்கிறது. மேலே பின்புறத்தில் தொடுகிறார், கீழே குனிந்து முன்புறத்தைப் பார்க்கிறார். நீலம் பொருந்திவிட்டது. உடனே கண்ணாடியின் பின்புறத்தில் விளக்கைப் பிடிக்கிறார். பொருந்தவில்லை. விளக்கில்லாமல் ஒரு நீலம், விளக்கோடு இன்னொரு நீலம். இரண்டிலும் சரியாக வரும்வரை கலக்க வேண்டும். துடைத்தெடுத்துவிட்டு மறுபடி கலக்கினார். சலிப்பின் ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. ஒரு பெண்ணின் தொப்பி விளிம்பில் அன்றைய பொழுது முழுக்கப் போயிற்று. முகங்களில் விட்டுப்போன இடங்களை அவர் தொடவே இல்லை. பார்க்கரின் கோட்டை யூகித்து வரைவதைவிட வெற்றிடம் மேல் என்பது அவர் கட்சி.

இன்னொரு மேசையில் பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள். அவள் பங்கு இயந்திரத்தின் வயிறு. அந்தக் காலத்து இயந்திரத்தில் சிப் கிடையாது. ரிலேக்கள், காயில்கள், பல்சக்கரங்கள், துணி சுற்றிய வயர்கள். நாணயம் விழுந்ததும் ஒரு மோட்டார் சுற்றிப் பழைய ஆட்டத்தின் கணக்கை அழித்து எண் உருளைகளைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. காரணம் பழுதல்ல, பரிவு. எப்போதோ யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள். அது இறுகிப் பசையாகிவிட்டது. அவள் உருளையைப் பிரித்து ஸ்பிரிட்டில் கழுவி உலர்ந்தபடியே திரும்பப் பூட்டுகிறாள். புதுக் கிரீஸ் வைக்கவில்லை. மின்தொடர்புப் பாயின்டுகளுக்கு உப்புத்தாளும் இல்லை. தேய்த்தால் வெள்ளி முகம் போய்விடும். மெல்லிய கல்லை நடுவில் விட்டு இரண்டே இழுப்பு. பிறகு இதழ்களை வளைத்து இடைவெளி பார்க்கிறாள். ஃபிளிப்பர் காயிலுக்கு மட்டும் புது நைலான் உறை. வெள்ளை ரப்பர் வளையங்கள் எல்லாமே புதியவை. அவற்றில் பழையது பேணுவதில் அர்த்தமில்லை.

"எல்இடி போட்டுவிடலாமே, தாத்தா" என்றாள்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். பெட்டியிலிருந்து 47-ஆம் எண் பல்புகளை எடுத்து நீட்டினார். ஆலையில் போட்ட 44-ஆம் எண் கால் ஆம்பியர் இழுக்கும். இது 0.15 ஆம்பியர்தான். வெளிச்சம் சற்றுக் குறைவு, சூடும் குறைவு. இதில் மட்டும் நான் பேத்தி கட்சி. எல்இடி ஏறக்குறைய சூடே தராது, மஞ்சள் ஒளியிலும் வந்துவிட்டது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஆட்டப் பலகைக்கு வந்தபோது பெரியவரின் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மேப்பிள் முகம் ஒட்டிய பிளைவுட். பம்பர்களைச் சுற்றியும் ஃபிளிப்பர் முன்னாலும் குண்டு ஓடி ஓடிச் சாயம் தேய்ந்து மரம் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் லாக்கரின் நுண்விரிசலில் அழுக்கேறிய கறுப்புச் சுழிக்கோடுகள். இன்றைய வழக்கம், எல்லாவற்றையும் சுரண்டித் திரும்ப வரைந்து, கார் பெயின்ட் அடிக்கும் இரட்டைக் கலவை மெருகைக் கெட்டியாக ஏற்றுவது. பலகை பளிங்காகிவிடும். குண்டு 1966-ல் ஓடியிராத வேகத்தில் ஓடும். இவர் மெலமைன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மேலழுக்கை மட்டும் எடுத்தார். மரம் தெரிந்த இடங்களுக்கு மட்டும் நிறம். மேலே மெல்லிய லாக்கர், பிறகு மெழுகு. சுழிக்கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவை ஆடியவர்களுடையவை என்று நினைத்தாரோ, சோம்பலோ, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் சோம்பல் மாதிரி இல்லை.

வெளிப்பெட்டியின் பக்கங்களில் ஸ்டென்சில் வைத்து அடித்த வடிவங்கள். ஒரு பக்கம் தண்ணீர் பட்டுக் கெட்டிருந்தது. புது ஸ்டென்சிலைப் பலகையோடு அழுத்தி ஒட்டாமல், சிறு ஆப்புகள் செருகி ஒரு நூல் தூக்கி வைத்து ஸ்பிரே அடித்தார். விளிம்பில் நிறம் புகையாய்ப் பரவியது. ஆலையில் அவசரத்தில் அடித்த விளிம்பு அப்படித்தான் இருக்கும். கத்தி வெட்டிய மாதிரி கூரான விளிம்பைக் கண்டால் அது நேற்று செய்தது என்று அறிந்தவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

இடையில் ஒரு சங்கதி. இந்த இயந்திரத்தின் கண்ணாடியில் இருப்பது நியூயார்க்கின் பூங்கா. இயந்திரம் செய்யப்பட்டபோது நியூயார்க் நகரில் பின்பால் ஆடுவது சட்டப்படி குற்றம். சூதாட்டம் என்று 1942-ல் மேயர் லா குவார்டியா தடை செய்தார். சம்மட்டியால் இயந்திரங்களை உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர்மன்றத்தார் முன்னால் குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதே வழியில் அனுப்பிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது. இவற்றைச் செய்து உலகுக்கு அனுப்பிய சிகாகோவிலும் 1970-களின் பின்பாதி வரை இதே தடைதான்.

கால் பூட்டி நிறுத்தினார்கள். சாய்வு 3½ பாகை. பேத்தி ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டாள். உருளைகள் டக்டக்கென்று ஏறின. குரங்கு முதல் அடியில் மணியைத் தொடவில்லை. தகட்டின் கையை அரைக்கால் அங்குலம் வளைத்தபின் தொட்டது. பெரியவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். தொப்பி விளிம்பு நீலம், வானத்தின் இடது மூலை, பலகையில் தொட்ட இடங்கள், பெட்டியின் இடப்பக்கம் முழுவதும், பின்புறம் பூசிய அக்ரிலிக்கின் பெயர், மாற்றிய பல்புகளின் எண், தேதி. இவை என்னுடையவை, மற்றதெல்லாம் 1966 என்பது அதன் சாரம். மடித்து, உள்ளே மின்சுற்றுப் படம் வைத்திருந்த உறையிலேயே சேர்த்துவைத்தார். பழுதுபார்த்த கையும் வரைந்த கையும் வெவ்வேறு என்று ஒப்புக்கொள்ளும் இந்தத் தாள் இல்லாத மறுசீரமைப்பு எவ்வளவு பளபளத்தாலும் பாதிப் பொய்தான்.