கைதட்டிய கணக்கு

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

நான் ராயப்பேட்டையில் எங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தார். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி சொல்லச் சொல்லியிருந்தார் பிரதமர். சொன்னோம். சத்தமாகவே சொன்னோம்.

அந்த 2020-ம் வருஷமே நர்ஸ்களுடைய வருஷம்தான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆனதற்காக, உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கு முன்பே அப்படி அறிவித்திருந்தது.

எங்கள் இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். ஜூன் மாதம், கொரோனா வார்டு டியூட்டி முடித்து, ஓட்டல் அறையில் தனிமை நாட்களையும் கழித்துவிட்டு, ஒரு சாயங்காலம் வீடு திரும்பினார். நான் பால் வாங்க இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அவரைப் பார்த்ததும் சட்டென்று மேலே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

அதே கைதான். மார்ச்சில் தட்டியது, ஜூனில் தாழ்ப்பாள் போட்டது.

ரொம்ப நாள் கழித்து, மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"விடுங்க தம்பி. எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? அந்தக் கவச உடையைப் போட்டா மணிக்கணக்கா தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. அதெல்லாம் தூங்கினா சரியாப்போயிடும். சரியாகாதது வேற..."

நான் காத்திருந்தேன்.

"சொந்தக்காரங்களை உள்ள விட மாட்டாங்க. நான்தான் போனைப் பிடிச்சு வீடியோ கால்ல காட்டுவேன். ஒரு தாத்தாவோட பேத்தி, 'ஆன்ட்டி, தாத்தாவை நல்லாப் பாத்துக்குங்க'ன்னு சொல்லுச்சு. மறுநாள் அதே நம்பர்லேர்ந்து கால் வருது. பெட் காலி. என்னன்னு எடுக்கறது? அழுதா கண்ணாடிக்குள்ள மூட்டமாயிடும், துடைக்க முடியாது. அதனால அப்புறம் அழுதுக்கலாம்னு விட்டுட்டேன். இன்னும் அழல தம்பி."

நான் பி.காம். படித்தவன். கட்டாமல் விட்ட செலவை 'கொடுபட வேண்டிய செலவு' என்று எழுதச் சொல்லித் தருவார்கள். வருஷம் முடிந்தாலும் அது மறையாது. அடுத்த வருஷக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாம் என்ன செய்தோம்? கைதட்டியதை வரவு வைத்து, கணக்கை முடித்துவிட்டோம். கொரோனா காலத்தில் தமிழக அரசு ஒப்பந்த அடிப்படையில் எடுத்த நர்ஸ்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது. 2023 ஜனவரியில் அவர்கள் வேலை கேட்டுப் போராடினார்கள். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் பால்கனிக்கு வந்தோம்?

உங்கள் தெருவிலும் ஒரு நர்ஸ் இருப்பார். நைட் டியூட்டி முடிந்து காலையில் களைத்துப்போய் வருவார். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.

போன வாரம் நான் நின்றேன். இருபது நிமிஷம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, வீட்டில் திட்டு வாங்கினேன்.

பரவாயில்லை. பழைய பாக்கியில் கொஞ்சம் கழிந்தது.