இரவில் கசிந்த பால்

புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "மேடம், புரதம் நிறைய வர என்ன செய்யணும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "நேரத்துக்கு முன்னாடி வராம இருக்க என்ன செஞ்சிருக்கீங்க?"

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நாம் நுழைக்கும் மரபணு அதற்கு வேண்டாத சுமை. தான் வளர வைத்திருக்கும் ரைபோசோமையும் அமினோ அமிலத்தையும் அது நமக்காகச் செலவழிக்கிறது. அதனால் முதலில் வளரவிட வேண்டும், பிறகு வேலை வாங்க வேண்டும். இதற்கான சுவிட்சும் பாக்டீரியாவினுடையதே. ஜேக்கபும் மோனோவும் 1961இல் விளக்கிய லாக் ஓபரான்தான் அது: அடக்கிப் புரதம் ஒன்று டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து வழிமறிக்கும், லாக்டோஸ் வந்தால் எழுந்துவிடும். லேபில் லாக்டோஸுக்குப் பதிலாக ஐ.பி.டி.ஜி. போடுகிறோம். 37 டிகிரியில் வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு, அதாவது ஓ.டி., 0.6 வந்ததும் ஐ.பி.டி.ஜி., பிறகு வெப்பத்தை 18க்கு இறக்கி இரவு முழுக்க ஷேக்கர். இறக்காமல் அவசரப்பட்டால் பல புரதங்கள் சரியாக மடியாமல் கட்டிதட்டிவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு ஃபெர்மென்டர் பேட்ச். ஓ.டி. பிரமாதமாக ஏறியது. ஜெல் ஓட்டினால் நம் பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமை. ஐ.பி.டி.ஜி.யைத் திட்டினோம், பம்பைத் திட்டினோம். கடைசியில் காலனிகளை ஆம்பிசிலின் தட்டில் குத்திப் பார்த்தபோது பெரும்பாலானவை வளரவே இல்லை. நம் மரபணுவையும் ஆம்பிசிலின் எதிர்ப்பையும் சுமக்கும் பிளாஸ்மிடைத் தூக்கி எறிந்துவிட்டன!

குற்றவாளி, முந்தைய இரவு வளர்த்த விதைக் கல்ச்சர். ஊடகத்தில் இருக்கும் ட்ரிப்டோன் பால் கேசினிலிருந்து வருவது. அதில் துளி லாக்டோஸ் ஒட்டியிருக்கலாம். ஊடகத்தில் இருந்த சொற்ப குளுக்கோஸ் தீர்ந்த பின்னிரவில் அந்தத் துளியே சுவிட்சைத் தட்டிவிடும். சுமையை உதறிய செல்கள் மற்றவற்றை முந்தும். ஆம்பிசிலின் காவல் இருக்கிறதே என்றால், பிளாஸ்மிட் உள்ள செல்கள் வெளியே விடும் பீட்டா-லாக்டமேஸ் அந்த மருந்தையே தின்றுவிடுகிறது. அன்றிலிருந்து விதையில் கூடுதல் குளுக்கோஸ், ஆம்பிசிலின் எதிர்ப்புக்குப் பதில் கானமைசின் எதிர்ப்புள்ள பிளாஸ்மிட்.

இந்தப் பால் கசிவைத்தான் ஸ்டுடியர் என்ற ஆய்வாளர் 2005இல் ஒரு முறையாகவே மாற்றினார். குளுக்கோஸையும் லாக்டோஸையும் சேர்த்தே வைத்துவிட்டால் செல் முதலில் குளுக்கோஸைத் தின்று வளரும், தீர்ந்ததும் தானே வேலையைத் தொடங்கும். பெரிய தொட்டிக்கு இது தோது. ஐ.பி.டி.ஜி. விலை அதிகம், செல் அதைச் செரிப்பதும் இல்லை. லாக்டோஸோ பாலாடைக்கட்டி ஆலைகளில் மிஞ்சும் பால் தெளிநீரில் கிடைப்பது. பாக்டீரியாவை வைத்துப் பெட்ரோலியத்துக்கு மாற்று செய்யலாம் என்று பேசுகிறவர்கள் இந்தச் சில்லறைக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆலை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இதில்தான்.

சுவிட்சைத் தட்டும் இதே வேலையை ஃபார்மர், லியாவ் என்ற ஆய்வாளர்கள் 2000இல் லைக்கோபீன் என்ற நிறமிக்காகச் செய்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். வெளியிலிருந்து எதுவுமே போடவில்லை. குளுக்கோஸ் மிஞ்சும்போது செல்லுக்குள் சேரும் அசிட்டைல் பாஸ்பேட்டையே சைகையாக்கினார்கள்.

உங்கள் பேட்சும் ஓ.டி. ஏறி, பட்டை இல்லாமல் போனால், பம்பைக் கழற்றுவதற்கு முன் நூறு காலனிகளைத் தட்டில் குத்திப் பாருங்கள். ஓர் இரவு போதும்.