ஒட்டின அழுக்கும் ஊறின கறையும்

பி.காம் படிக்கிறவனுக்கும் கார் பெயிண்ட்டுக்கும் என்னடா சம்பந்தம்னு வகுப்புத் தோழர்கள் கேட்கலாம். இருக்கு மக்களே. தேய்மானம், தேய்மானம்னு மூணு வருஷமா புத்தகத்துல படிக்கிறோமே, அதைக் கண்ணால பார்க்கணும்னா ஒரு பழைய டாக்சியைத் தொட்டுப் பாருங்க.

எங்க ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கு. பௌர்ணமி வந்தா ஊரே திருவிழா. மாமா (அம்மாவோட தம்பி) பல வருஷமா வெளியூர் பக்தர்களை ஏற்றி இறக்கின வெள்ளைக் கார் ஒண்ணு வீட்டு வாசலில் புளிய மரத்தடியில் நிற்குது. மாமாவுக்குக் கண்பார்வை மங்க ஆரம்பிச்சதும், ராத்திரி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கிரிவலமே ராத்திரி சவாரிதானே? வண்டி அப்படியே எட்டு மாசம் நின்னுடுச்சு. மாமா பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். சரி, வித்துடலாம்னு முடிவாச்சு.

ஒரு புரோக்கர் வந்தார். பானெட் மேல உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். "சொரசொரன்னு இருக்கு சார், பெயிண்ட் செத்துப் போச்சு. முழுசா அடிக்கணும். முப்பதாயிரம் குறைச்சுக்குங்க" என்றார். வாடகைக்கு ஓடும் காருக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் என்று வருமான வரிப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அந்தக் கணக்குப்படி 6 லட்ச ரூபாய் வண்டி எட்டு வருஷத்தில் ஏட்டில் 35 ஆயிரத்துக்கும் கீழே வந்துடும். புரோக்கர் கேட்ட தள்ளுபடியே கிட்டத்தட்ட அவ்வளவு! ஆனால் சந்தை ஏட்டைப் பார்த்து விலை வைப்பதில்லை, கையால் தடவிப் பார்த்து வைக்குது.

கேள்வி இதுதான்: பெயிண்ட் நிஜமாவே செத்துப் போச்சா, இல்ல அதுக்கு மேல ஏதாவது ஒட்டியிருக்கா? இரண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

கொஞ்சம் உள்ளே போவோம். காரின் தகட்டுக்கு மேல் முதலில் பிரைமர், அப்புறம் நிறம், அதுக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு. இதை க்ளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுக்க இதிலிருந்துதான். அதன் தடிமன் சாதாரணமா 40, 50 மைக்ரான் அளவு, அதாவது நம்ம தலைமுடியை விட மெலிசு. வெயில், தூசு, புகை எல்லாம் முதலில் மோதுவது அதில்தான்.

எங்க ஊர்க் காரில் என்னென்ன ஒட்டும்? ஒரு பட்டியலே போடலாம்.

முதலில் பூஜை சமாச்சாரம். ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம், மஞ்சள், குங்குமம். அப்புறம் கற்பூரப் புகை. தீபத் திருநாளில் 2,668 அடி உயர மலை உச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றி ஏற்றுகிற தீபத்தின் மை, ஆருத்ரா தரிசனத்துக்கு அப்புறம் நெத்தியில் பிரசாதம். அதே கரி பானெட்டில் படிஞ்சா அழுக்கு. இடம்தான் எல்லாத்துக்கும் காரணம்!

இரண்டாவது, இரும்புத் தூள். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்து பறக்கும் சன்னத் துகள்கள் சூடாகப் பறந்து பெயிண்ட்டில் குத்தி உட்கார்ந்து, அங்கேயே துருப்பிடிக்கும். வெள்ளை வண்டியில் குட்டிக் குட்டிப் பழுப்புப் புள்ளியா தெரியுமே, அதுதான். தகடு துருப்பிடிக்குதுன்னு பலபேர் பயந்து போறாங்க.

மூணாவது, ரோட்டுத் தார். நாலாவது, போர் தண்ணி. கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைந்த தண்ணி வெயிலில் காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். சுத்திகரிப்பு மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணியை வீணாக்காம கார் கழுவுறேன்னு சொல்றவங்க கவனிங்க, அதில் உப்பு இன்னும் அதிகம்.

அஞ்சாவது, மரமும் பறவையும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்னாடி, நிழலில் நிறுத்தி நானும் மாமாவும் ஆரம்பிச்சோம். முதலில் ரெண்டு வாளி: ஒண்ணில் கார் ஷாம்பு, ஒண்ணில் வெறும் தண்ணி. துணியை ஷாம்பில் நனைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில் அலசணும், இல்லேன்னா மண்ணையே மறுபடி தேய்ப்போம். தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கிற பவுடர் பக்கமே போகக் கூடாது.

கழுவின பிறகு ஒரு சோதனை. கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பெயிண்ட் மேல் லேசா தடவுங்க. வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள்ளிருந்து துல்லியமா தெரியும். மாமா தடவிப் பார்த்துட்டு, "டேய், ரவை கொட்டின மாதிரி இருக்குடா" என்றார்.

தாருக்குத் தேங்காய் எண்ணெய். துணியில் தொட்டு வைத்து, இளகினதும் துடைத்து, மறுபடி ஷாம்பு. தண்ணி வளையத்துக்கு வினிகரும் அதே அளவு நல்ல தண்ணியும் கலந்து ஒரு ரெண்டு நிமிஷம், அப்புறம் நிறையத் தண்ணி விட்டுக் கழுவல். இரும்புத் தூளுக்குன்னு தனி ஸ்ப்ரே கிடைக்குது. அதில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்தால் ஊதா நிறமா மாறும். அடிச்ச கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கதவில் ஊதாக் கண்ணீர் வழிய, "இது என்னடா ரத்தம் மாதிரி!" என்று மாமா ரெண்டு அடி பின்னால் போயிட்டார். நாத்தம் அழுகின முட்டை போல. கையுறை கட்டாயம், பெயிண்ட் மேலேயே காய விடவும் கூடாது.

மிச்சத்துக்குத்தான் க்ளே பார். பேர் களிமண் என்றாலும் ஏரி மண் இல்லை, செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய உராய்வுப் பொடி கலந்த கட்டி. ஜப்பானின் டடாவோ கொடாட்டே என்பவர் உருவாக்கி, 1990களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. ஷாம்பு தண்ணியைத் தாராளமா தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டணும். துகள்களை அது பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதுப் பக்கம். தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுடணும், ஒரு மணல் போதும் கோடு போட. கடைசியில் மெழுகு பூசி முடிக்கணும், ஏன்னா பழைய பாதுகாப்புப் பூச்சும் இதோடு போயிடும்.

மத்தியானம் பையைப் போட்டுத் தடவினோம். கண்ணாடி! பெயிண்ட் சாகவே இல்லை. மூச்சு முட்டிக் கிடந்திருக்கு, அவ்வளவுதான். செலவு ஆயிரத்து நானூறு ரூபாய்.

ஆனால் கூரையில் நாலு இடம் மட்டும் போகலை. காக்கா எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் வெயிலோடு சேர்ந்து க்ளியர் கோட்டையே அரித்திருந்தது. அது ஒட்டின அழுக்கு இல்லை, ஊறின கறை. எந்தக் களிமண்ணும் அதைப் பிடுங்க முடியாது, பாலிஷ் போட்டு அந்தப் பூச்சையே கொஞ்சம் சுரண்டினால்தான் உண்டு. தற்காலிகமா நிரப்பி மறைக்கிற மெழுகும் கடையில் இருக்கு. ரெண்டு மூணு கழுவலுக்குத் தாங்கும், அதுக்குள் வண்டி கை மாறிடும். அதைப் பூசிடலாமான்னு கேட்டேன், அந்த வழி இருக்குன்னு அவருக்குத் தெரியணுமே.

மாமா யோசிக்கவே இல்லை. "அழுக்கைக் கழுவினோம், அது நம்ம உரிமை. காயத்தை மூடினா அது வேற. வாங்குறவனும் நம்மள மாதிரி டிரைவரா இருப்பான்டா."

அடுத்த வாரம் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். மாமா முதலில் காட்டினதே கூரையில் இருந்த அந்த நாலு கறையைத்தான். நாலாயிரம் குறைத்துக்கொண்டார், மீதி பேசின விலை. ஃபீஸ் கட்டியாச்சு.

வாங்குபவனே ஜாக்கிரதையா இருக்கணும்னு கமர்ஷியல் லா பேப்பரில் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். விற்கிறவன் எப்படி இருக்கணும்னு அதில் யாரும் கேள்வி கேட்டதில்லை. நீங்க பழைய வண்டி விற்கப் போறீங்கன்னா, யாராவது "பெயிண்ட் போச்சு" என்றதும் தலையாட்டாதீங்க. முதலில் பிளாஸ்டிக் பை, அப்புறம் பேரம். பை வழுக்கிப் போன பிறகும் கண்ணுக்குத் தெரியுற கறை இருந்தால், அதை நீங்களே காட்டிடுங்க.