கம்பி விடும் கறுப்பு

மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை தர்மபுரி மாவட்டத்து ஊர்களில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. பகலில் வாசலிலும் களத்திலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். இரவில் மாரியம்மன் திருவிழா மேடையில் பாட்டுக் கச்சேரி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் என்று சுற்றிவரும் குழுக்களில் கிட்டார் வாசிப்பவரின் இடது கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் நுனிகளில் சாம்பல் பூத்த கறுப்பு தெரியும், பென்சில் கரியைத் தேய்த்துவிட்டதுபோல. அழுக்கு என்பார் ஒருவர். கரண்டு கிட்டார் அல்லவா, கரண்டு சுட்டிருக்கும் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை, அது கம்பியிலிருந்து வந்த உலோகம் என்பதே என் கட்சி. அந்தக் கறுப்பின் அடர்த்தியை வைத்து, கம்பி மாற்றி எத்தனை கச்சேரி ஆயிற்று என்றுகூட ஓரளவு சொல்லிவிடலாம்.

சாட்சி கையிலேயே இருக்கிறது. வலது கையில் பிளாஸ்டிக் பிக் பிடித்து மீட்டுகிறார்கள். அந்தக் கை வெளுப்பாகவே இருக்கிறது. இடது கையிலும் கட்டைவிரல் கறுப்பதில்லை, ஏனென்றால் அது கிட்டார் கழுத்தின் பின்பக்கத்து மரத்தைத்தான் பிடித்திருக்கிறது. மீதி நான்கில் சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் நன்றாகக் கறுத்திருக்க, சுண்டுவிரலில் சற்றுக் குறைவு. ஒவ்வொரு நுனியிலும் கறுப்பு பரவலாக இல்லாமல், கம்பி பதிந்த பள்ளத்தில் கோடாக இறங்கியிருக்கிறது. வெறும் அழுக்கென்றால் இத்தனை ஒழுங்காக இடம் பார்த்து உட்காராது. சந்தேகம் தீரவில்லையென்றால் கச்சேரி முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணியால் கம்பிகளை அழுத்தித் துடைக்கலாம். துணியிலும் அதே கறுப்புக் கோடுகள் விழும். குண்டான மூன்று கம்பிகளில் கூடுதலாகவே விழும்.

அந்த மூன்றும் கூடுதலாகக் கறுப்பதற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பு. மேல் ஸ்தாயிக்கு உரிய மெல்லிய கம்பிகள் ஒற்றை எஃகு இழை, பெரும்பாலும் வெள்ளீய முலாம் பூசியது. அதில் மிக மெல்லியது சாதாரணமாக 0.23 மில்லிமீட்டர்தான். குண்டுக் கம்பிகளோ எஃகு நடுக்கம்பியின்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியவை. சுற்றிய கம்பியும் எஃகுதான், மேலே நிக்கல் முலாம். முலாம் பார்க்கப் பளபளக்கும், ஆனால் தடிமன் கிடையாது. விரல் கம்பியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து வளைத்து, மேலும் கீழும் சறுக்கும்போது அது தேய்கிறது. அடியிலுள்ள ஃப்ரெட் என்ற உலோகப் படிக்கட்டும் தன் பங்குக்கு அதை உரசுகிறது. எஃகு வெளியே தெரிந்துவிட்டால் வியர்வை வேலையைத் தொடங்கிவிடும். வியர்வையில் உப்பு உண்டு, லாக்டிக் அமிலமும் உண்டு. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது என்று சொல்லித்தரப்பட்ட சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ரசாயனம் புதிதல்ல. புளி ஒரே இரவில் செய்வதை வியர்வை பல இரவுகளில் செய்கிறது. இரும்பு கரைந்தும் துருவாகியும் தூளாகியும், தோலின் எண்ணெயோடு குழைந்து விரலில் ஒட்டுகிறது. சுற்றுக் கம்பியின் இடுக்குகள் இந்தக் குழம்பைச் சேமித்து வைத்துக்கொள்வதால்தான் அதில் கறுப்பும் அதிகம், நாளாக ஆக நாதம் மந்தமாவதும் அதிகம்.

எல்லாம் சரி, ஒரே கிட்டாரை இருவர் வாசித்தால் ஒருவருக்குக் கறுக்கிறது, மற்றவருக்கு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கவரிங் நகை போட்டால் சிலருக்குக் கழுத்து கறுத்துவிடும். அதைச் 'சூட்டு உடம்பு' என்று ஊரில் சொல்வார்கள். சூடு என்ற விளக்கம் தவறு, கவனிப்பு சரி. வியர்வையின் அளவும் உப்பும் அமிலமும் ஆளுக்கு ஆள் மாறும். பங்குனி வெயில் இறங்காத ராத்திரியில், மேடை விளக்கின் கீழ், நாலு மணி நேரம் வாசிப்பவரின் வியர்வையும், குளிரூட்டிய அறையில் அரை மணி பழகுபவரின் வியர்வையும் ஒன்றாகுமா? கரண்டு சுட்டது என்ற வாதத்துக்கு வருவோம். கம்பிக்கு அடியிலுள்ள பிக்கப்பில் பிறக்கும் மின்னழுத்தம் அற்பம். அதுவும் விரல் வழியாக ஓடுவதில்லை. கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பவை. எர்த் சரியில்லாத ஜெனரேட்டர் மேடையில் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்மையானது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது; ஆனால் அது இப்படிக் கோடு கோடாகக் கறுப்பு போடாது. நோயா என்றால், நிக்கல் ஒவ்வாமை என்று ஒன்று உண்டு. அதில் தோல் சிவக்கும், அரிக்கும், கொப்புளிக்கும். நகைகளிலிருந்து நிக்கல் கசிவதற்கு ஐரோப்பா 1994-இல் வரம்பு போட்டதே அதற்காகத்தான். அரிப்பில்லாத வெறும் கறுப்பு அந்த வகை அல்ல. விரல்பலகையின் சாயமோ எண்ணெயோ ஒட்டுவதும் உண்டுதான், என்றாலும் அது கம்பியின் தடத்தில் மட்டும் கோடாக விழாமல் தொட்ட இடமெல்லாம் படியும்.

அப்படியானால் நைலான் கம்பி மாட்டிவிடலாமே? மாட்டலாம், சத்தம் வராது. பிக்கப் என்பது காந்தத்தின்மேல் முடியைப்போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியது. காந்தம் ஈர்க்கக்கூடிய கம்பி அதன்முன் அதிர்ந்தால்தான் சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் அதிர்வது அதற்குத் தெரியாது. ஆக, எலெக்ட்ரிக் கிட்டாரில் இரும்பு தவிர்க்க முடியாதது, இரும்பு இருக்குமிடத்தில் துருவும் தவிர்க்க முடியாதது. வீணைக்காரர்கள் இதே தொல்லையைப் பழையபடி சமாளிக்கிறார்கள்: எண்ணெய் தோய்த்த பஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலில் தொட்டு வாசிப்பார்கள். அவர்களுக்கும் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் பள்ளமும் கறுப்பும் விழாமல் இல்லை. பாலிமர் பூசிய கம்பிகள் கடையில் கிடைக்கின்றன, துரு தாமதமாகும், விலை கூடும். இங்கேதான் விஷயம் ரசாயனத்தை விட்டுக் கூலிக்கு வருகிறது. ஒரு செட் சில நூறு ரூபாய். கச்சேரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், சீசன் முடிந்தால் வேறு வேலை தேடுபவர், கம்பி அறுந்தால்தான் மாற்றுவார். அறுவதோ பெரும்பாலும் மெல்லிய கம்பி, மாற்றுவதும் அந்த ஒன்றை மட்டும். குண்டுக் கம்பிகள் சீசன் முழுக்கக் கிடக்கின்றன. 'கையைச் சுத்தமாக வைத்துக்கொள்' என்ற அறிவுரை இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வாசிக்கும் முன் கை கழுவுவது, முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிக்கு அடியிலும் துடைப்பது, இந்த இரண்டும் காசில்லாமல் முடியும். கம்பியின் ஆயுளும் நீளும்.

பகலில் புளி தட்டும் பெண்களின் கையிலும் இரும்பு இருக்கிறது. புளியங்கொட்டைத் தோலின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய பழைய முறையின் ரகசியமும் அதுதான். அதே புளியின் சதையோ நேர் எதிரான வேலை செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், பித்தளைக் குடத்தை நாம் புளி போட்டுத் துலக்குவதும் அதனால்தான். கிட்டார்காரர் சோப்பை எத்தனை தேய்த்தாலும் காய்ப்பின் வெடிப்புக்குள் தங்கிய கறுப்பு நகராது. கொட்டை எடுத்த புளியைக் கொஞ்சம் நீரில் பிசைந்து தேய்த்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். மிச்சம், அந்தச் செத்த தோல் தானே உரியும்போது போகும், அடுத்த ஊர்க் கச்சேரி அதுவரை விட்டுவைத்தால்.