நட்டத்தில் பறக்கும் விமானங்கள்

அர்ஜென்டினாவின் வரைபடத்தில் தெற்கே இறங்க இறங்க ஊர்ப் பெயர்கள் அருகிக்கொண்டே போகும். பதகோனியா அது. மரமில்லாத மேட்டு நிலம், செம்மறி ஆடுகள், ஓயாத மேற்குக் காற்று. ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் சில இடங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அந்த வெட்டவெளியின் மேல் 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பறந்துவரும் லாதே என்ற சின்ன அரசு விமான நிறுவனத்தின் மேல் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. பெரிய விமான நிறுவனங்களின் வரலாற்றைப் படித்தால் பங்கு, கடன், கைமாற்றம் என்றே பக்கங்கள் ஓடும். லாதேயின் கதையில் முதலில் வருபவர்கள் பயணிகள்.

அந்தக் காற்றில் முதலில் அடிபட்டவை தபால் விமானங்கள். 1929-இல் கொமொதோரோ ரிவதாவியா வரை வான்வழித் தபால் பாதையைத் திறந்த ஏரோபோஸ்தா நிறுவனத்தை நடத்தியவர், பின்னாளில் 'குட்டி இளவரச'னை எழுதிய செந்த் எக்சுபெரி. 1931-இல் வந்த, இரவு விமானம் பற்றிய அவருடைய நாவல் இங்கே பெற்ற அனுபவத்தில் பிறந்ததுதான். 1940-இல் ராணுவம் தலைநகருக்கு அருகிலுள்ள எல் பலோமார் தளத்திலிருந்து தென்மேற்கு ஊர்களுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. வடகிழக்குக்கென்று இன்னொரு சேவையும் வந்தது. 1940-களின் நடுவில் இரண்டும் ஒன்றாகி லாதே ஆயின.

இதை நடத்துவது விமானப்படை. விமானி சீருடைக்காரர், அவருடைய சம்பளம் படையிலிருந்து வருகிறது. பயணிகளோடு பறக்கும் மணிகள் அவருக்குப் பயிற்சி மணிகளாகவும் சேர்கின்றன. அதனால் கட்டணத்தைக் குறைவாக வைக்க முடிகிறது. தனியார் எட்டிப் பார்க்காத பெரிதோ மொரேனோ, கோபெர்நதோர் கிரெகோரெஸ் போன்ற சிற்றூர்களுக்கும் விமானம் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக நின்று போகும் நம் பஸ்ஸைப் போல, ஒரே விமானம் பல ஊர்களில் இறங்கி ஏறும். பல காலம் இந்த வேலையைச் சுமந்தது ஃபோக்கர் எஃப்-27. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் சுழலிகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். சரளைக்கல் தெறித்தாலும் அவ்வளவாக அடிபடாது. குறுகிய ஓடுபாதையும் அதற்குப் போதும். இன்னும் சின்ன இடங்களுக்கு ட்வின் ஆட்டர் போனது.

ஆனால் லாதேயின் வரலாற்றில் என் மனம் போய் நின்றுவிடுவது கடலுக்கு அப்பால்தான்.

ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினர் மால்வினாஸ் என்கிறார்கள், தங்களுடையவை என்கிறார்கள். ஆள்வது பிரிட்டன். 1970-களின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. விமானத் தளம் கிடையாது. மான்டெவிடியோவுக்குப் போய்வந்த 'டார்வின்' கப்பல்தான் வெளியுலகத்தோடு அவர்களுக்கிருந்த தொடர்பு. அதுவும் 1971-இன் இறுதியில் நின்றது. அந்த ஆண்டு இரு அரசுகளும் ஓர் உடன்பாடு செய்திருந்தன: வான்வழிச் சேவை அர்ஜென்டினாவின் பொறுப்பு, கப்பல் சேவை பிரிட்டனின் பொறுப்பு. பிரிட்டன் கப்பல் விடவே இல்லை. அர்ஜென்டினா விமானம் விட்டது.

1972-இல் கொமொதோரோ ரிவதாவியாவிலிருந்து சுமார் 950 கிலோமீட்டர் கடந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய லாதேயின் ஆல்பட்ராஸ் விமானங்கள் தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியின் துறைமுகத்து நீரில் வந்திறங்கின. அதே ஆண்டின் இறுதிக்குள் அர்ஜென்டின விமானப்படையினர் அலுமினியத் தகடுகளைப் பரப்பி ஒரு தற்காலிக ஓடுபாதை போட்டார்கள். ஃபோக்கர் வந்தது. நோயாளிகள் அர்ஜென்டின மருத்துவமனைகளுக்குப் போனார்கள், பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போனார்கள், தபால் ஒழுங்காக வந்தது. நிரந்தர விமானத் தளத்தை பிரிட்டன் கட்டி முடித்தது 1979-இல்தான்.

தீவுக்காரர்கள் விமானத்தில் ஏறினார்கள். கூடவே அஞ்சவும் செய்தார்கள். பயணத்துக்கு அர்ஜென்டினா கொடுத்த வெள்ளை அட்டையைக் கையில் வாங்கவே பலருக்குக் கசந்தது. இன்று அட்டை தருகிறவன் நாளை எதைக் கேட்பானோ என்ற பயம் அது. அந்த பயத்தில் நியாயம் இருந்ததை 1982 காட்டியது. மார்ச்சில், தெற்கு ஜார்ஜியா தீவில் அர்ஜென்டினக் கொடி ஏறிய செய்தி வந்ததும், ஸ்டான்லியில் இருந்த லாதே அலுவலகத்துக்குள் யாரோ புகுந்து, அங்கிருந்த கொடியின் மேல் பிரிட்டிஷ் கொடியைப் போர்த்தி, பற்பசையால் வசைமொழி எழுதிவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினப் படை தீவுகளில் இறங்கியது. ஜூன் 14 அன்று போர் முடிந்தபோது 649 அர்ஜென்டினர், 255 பிரிட்டிஷார், மூன்று தீவுக்காரர்கள் உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் கார்லோஸ் ப்ளூமர் ரீவ் என்ற அதிகாரியைச் சொல்லாமல் போக முடியாது. 1970-களின் நடுவில் ஸ்டான்லியில் லாதேயின் பொறுப்பாளராகக் குடும்பத்தோடு வாழ்ந்தவர். 1982-இல் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் பெரிய பதவியோடு திரும்பி வந்தார். பழகிய மக்களுக்குத் தீங்கு நேராமல் தன்னால் இயன்றவரை தடுத்தார். தீவுக்காரர்களே அதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் கொடுத்துச் சம்பாதித்த பழக்கம் போர்க்காலத்தில் அயலாரைக் காத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பத்து ஆண்டுகளில் லாதே சேர்த்துவைத்த நல்லெண்ணத்தை, புவனோஸ் ஐரிஸில் ஆட்சியிலிருந்த தளபதிகள் சில வாரங்களில் தொலைத்தார்கள். அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1982-க்குப் பிறகு ஸ்டான்லிக்கு லாதேயின் பயணிகள் சேவை திரும்பவே இல்லை. 1999-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சிலி நாட்டு விமானம் புன்தா அரெனாஸிலிருந்து வாரம் ஒருமுறை போகிறது. மாதம் ஒருமுறை அர்ஜென்டினாவின் ரியோ கல்யேகோஸில் நின்று போக ஏற்பாடு. பெருநிலத்தின் தெற்கு ஊர்களில் லாதே சாப் 340 போன்ற சிறிய விமானங்களோடு தன் வேலையைச் செய்கிறது. இப்படிப்பட்ட சேவை ஒருநாளும் லாபம் தராது. அதற்காக அது தொடங்கப்படவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் ஒருவர் அந்த ஊர்களில் இருக்கும்வரை அதை மூடக் கூடாது என்பதே என் கட்சி.