திருவல்லிக்கேணியில் ஓர் அடுப்பங்கரை

ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறவர்கள் உங்களை வழக்கமாக எங்கே அழைத்துப் போவார்கள்? குற்றாலத்துக்கு அழைத்துப் போய் அருவியில் தலையை நனைப்பார்கள். கொடைக்கானலுக்கு அழைத்துப் போய்க் குளிரில் பல்லைத் தந்தியடிக்க வைப்பார்கள். நான் இன்று உங்களை அப்படி எங்கும் அழைத்துப் போகப் போவதில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில், ஒரு குறுகலான சந்தில், பழைய மாடி வீடு ஒன்றின் பின்கட்டில் உள்ள அடுப்பங்கரைக்கு அழைத்துப் போகப் போகிறேன். பிரயாண முஸ்தீபு ஒன்றும் வேண்டாம். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

"அடுப்பங்கரையில் பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அன்று அந்த அடுப்பில் ஒரு பையனுடைய பிழைப்பு வெந்துகொண்டிருந்தது. அது குழையுமா, கருகுமா, பதமாக இறங்குமா என்று நானும் உங்களைப் போலவே தெரியாமல்தான் போனேன்.

சாரதி வேலை பார்த்த சாமி

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால், சிறிது நேரத்தில் பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் கோபுரம் கண்ணில் படும். பல்லவர் காலத்துக் கோயில். உள்ளே பெருமாள் நல்ல மீசையோடு நிற்கிறார். அர்ச்சுனனுக்குத் தேரோட்டியவர் அல்லவா? உலகத்தையே படைத்துக் காக்கிறவர் குதிரைக்குக் கடிவாளம் பிடித்தாரே, அதில் அவருக்கு ஒரு கௌரவக் குறைவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அதே பாரதத்தில் பீமசேனன் விராட ராஜன் அரண்மனையில் ஒரு வருஷம் கரண்டி பிடித்தான். நள மகாராஜன் சமையலுக்கோ ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட முன்னோர்கள் இருந்தும், "ஆண்பிள்ளை அடுப்பங்கரைக்குள் போகலாமா?" என்று கேட்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கின்றன.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். எந்த மாடியை அண்ணாந்து பார்த்தாலும் கொடியில் வரிசையாக வேஷ்டி, சட்டை, துண்டு. புடவை ஒன்றுகூடக் கிடையாது! அதுதான் மேன்ஷன். வேலை தேடியும் வேலை கிடைத்தும் பட்டணத்துக்கு வரும் பிரம்மசாரிகளுக்குப் பல காலமாகவே திருவல்லிக்கேணிதான் ராஜதானி. அவர்கள் இருப்பதால்தான் தெருவுக்கு நாலு மெஸ் இருக்கிறது. சாம்பாரில் இட்டிலியை மிதக்க விடுவதற்குப் பெயர் போன ரத்னா கபே 1948-ம் ஆண்டு முதல் இங்கேதான் இருக்கிறது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லாத பேட்டை. ஆனால் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிறவனுடைய பைக்குத்தான் குறை. மாதம் இருபது தேதி ஆவதற்குள் அது இளைத்துப் போகிறது. பை இளைத்தால் அடுத்தபடி இளைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கணக்கும் கரண்டியும்

இந்தப் பேட்டையில் குடியிருந்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜன். 1914-ம் ஆண்டு அவர் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போனார். அவரோ தீவிர சைவம். கல்லூரிச் சாப்பாடு ஒத்துவரவில்லை. சமைத்துப் போட ஆளும் கிடையாது. ஆகவே அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் புகழ் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் அவர் பத்திரிகையில் வந்த ஒரு கணக்குப் புதிரை வாசித்தாராம். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறியபடியே விடையைச் சொல்லிவிட்டார். ஒரு விடை அல்ல. அந்த மாதிரிப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடை!

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்த வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டது. சைவச் சாமான் கிடைப்பது அரிதாயிற்று. வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிடும் வழக்கமும் போயிற்று. 1919-ல் நோயாளியாகத் திரும்பி வந்தார். 1920-ல், முப்பத்திரண்டாவது வயதில், மறைந்தார். நோய்க்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் தனியாக இருக்கும் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று ஒவ்வொரு தாயாரும் கேட்பது வீண் கேள்வி அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

அண்ணாச்சியின் பள்ளிக்கூடம்

இப்போது சந்துக்குள் திரும்புவோம். பல மேன்ஷன்களில் "அறையில் சமைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாம் போகும் வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. மாடியில் ஆறு அறைகள். பின்கட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்பங்கரை. அதற்குத் தலைமை ஆசிரியர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கணக்கு எழுதியே தலை நரைத்த ஒருவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"வாங்க சார், வாங்க. இன்னைக்கு நான் அடுப்பைத் தொட மாட்டேன், பாத்துக்கிடுங்க. தம்பிக்குப் பரீட்சை" என்றார்.

தம்பி மன்னார்குடிப் பக்கம். இருபத்திரண்டு வயது. கைப்பேசிக் கடையில் வேலை. வந்த புதிதில் சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போயிற்று. தங்கை நர்ஸ் படிப்புப் படிக்கிறாள்; அவளுக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். பையன் என்ன செய்தான் தெரியுமா? இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதான். போனில் அம்மா கேட்டால், "மெஸ்ஸில் பிரமாதமாகப் போடுகிறார்கள் அம்மா!" என்பான். ஆனால் போனில் இப்போது முகமும் தெரிகிறதே! கன்னம் ஒட்டியதை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். "வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம் தவணை கேளு தம்பி, அதுக்குள்ள நான் உன்னைத் தேத்திடுதேன்" என்றாராம் அண்ணாச்சி. அந்தத் தவணைதான் இன்றோடு முடிகிறது. இரவு பஸ்ஸில் ஏறிக் கிளாம்பாக்கத்தில் இறங்கிவிட்ட அம்மா, வழியில் இருக்கிறாள்.

முதல் நாள் பாடம் ரவை உப்புமாவாம். "அது உருண்டு திரண்டு நின்னுது சார். சேப்பாக்கம் மைதானம் பக்கத்துலதானே இருக்கு, அங்க கொண்டு போய்க் குடுத்திருந்தா ஒரு மேட்ச் ஆடியிருப்பாங்க" என்று சிரித்தார் அண்ணாச்சி. காரணம் இரண்டு. ரவையை வறுக்கவில்லை, தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே மொத்தமாகக் கொட்டிவிட்டான். வாசலில் கோலம் போடுகிறவள் மாவை விடுவது போல, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். அதுவும் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர்.

ஒரே அடுப்பு, மூன்று வேளை

அண்ணாச்சியின் சமையல் சாஸ்திரம் மிகச் சுருக்கமானது. ஒரு தரம் அடுப்பு மூட்டினால் மூன்று வேளை நடக்க வேண்டும். நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம்.

ஒரே குக்கர். கீழே ஒரு கிண்ணத்தில் துவரம் பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி. மேல் பாத்திரத்தில் அரை மணி ஊறிய புழுங்கலரிசி. ஒரு தம்ளர் அரிசிக்கு மூன்று தம்ளர் தண்ணீர். ஓரத்தில் இரண்டு உருளைக்கிழங்கு. அரிசியை ஊற வைப்பது எதற்கு? சீக்கிரம் வேகும், ஐந்து கிலோ சிலிண்டர் வைத்திருக்கிறவனுக்குக் காஸ் மிச்சம்.

குக்கர் அடங்கியதும் மேலாக நிற்கும் பருப்புத் தண்ணீர் ரசத்துக்கு. அடியில் நிற்கும் பருப்பை உப்புப் போட்டு மசித்தால் சாதத்துக்கு. உருளைக்கிழங்கு வதக்கலுக்கு. இது பகல் சாப்பாடு. மிஞ்சிய சாதத்தில் ஒரு பங்கை ஆறவைத்து, பால் நிறையவும் தயிர் ஒரு கரண்டியும் விட்டுப் பிசைந்து மூடினால், இரவுக்குப் புளிக்காத தயிர் சாதம். மறு பங்கில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழைய சாதம். மோரும் நாலு சின்ன வெங்காயமும் இருந்தால் எந்தப் பலகாரம் வேண்டும்?

சாமான் வாங்குவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. காய்கறி ஜாம்பஜாரில், அதுவும் கடை கட்டும் நேரத்தில். பருப்பும் மிளகும் ஒரு மாதத்துக்கு மொத்தமாக. இந்த விஷயத்தில் திருவல்லிக்கேணி நாட்டுக்கே வழிகாட்டிய ஊர். நடுத்தரக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நியாய விலைக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று 1904-லேயே இங்கே கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டிலும் ஆறு அறைக்காரர்களும் பணம் போட்டுத்தான் மூட்டை அரிசி வாங்குகிறார்கள்.

பரீட்சை

தம்பி குக்கரை இறக்கியபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு சாக்கு அரிசி, ஒரு தூக்கு நிறையப் பருப்புப் பொடி, ஒரு காலிப் பெட்டி. இவற்றோடு அம்மா இறங்கினாள். காலிப் பெட்டியைப் பார்த்ததும் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய துணிமணியை எடுத்துப் போகத்தான் அது என்று அவனுக்குப் புரியாதா?

"கையைக் காலைக் கழுவிக்க அம்மா, இதோ ஆயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

ரசம் மட்டும்தான் பாக்கி. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விட்டான். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு நாலு பல், நசுக்கிப் போட்டான். பருப்புத் தண்ணீரை விட்டான். இனிமேல்தான் கண்டம். ரசம் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் கை மட்டும் அடுப்பை அணைக்கத் துடித்துக்கொண்டிருந்தது. நுரை கூடிற்று. பையன் அணைத்துவிட்டான். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டியதும் எழுந்த வாசனையில் மேல் மாடிக்காரர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். பருப்புச் சாதத்தைப் பேசாமல் சாப்பிட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். நாங்கள் மூவரும் நின்றுகொண்டே இருந்தோம்.

"உப்பு ஒரு கல் கம்மி" என்றாள். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் அவள் சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருஷம் காய்ச்சல்ல நான் ஒரு வாரம் படுத்துட்டேன். வீட்டுல அடுப்பே எரியலைங்க. உங்க தம்பி மாதிரி நினைச்சுக்குங்க, இவங்க அப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. பக்கத்து வீட்டுலதான் கஞ்சி குடுத்தாங்க" என்று சொன்னாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "அறுவடை முடிஞ்சதும் அவரை அனுப்பி வைக்கிறேன் அண்ணே. ஒரு மாசம் இங்கேயே வச்சுக் கத்துக் குடுங்க" என்றாள்.

பெட்டி காலியாகவேதான் ஊருக்குத் திரும்பிற்று. இல்லை, தவறு, அதில் தங்கைக்காக ஜாம்பஜாரில் வாங்கிய பழம் இருந்தது.

நேயர்களே! பையனோ பெண்ணோ, வெளியூருக்கு அனுப்பும்போது பெட்டி, படுக்கை, வேலை உத்தரவு எல்லாம் சரிபார்க்கிறீர்கள். அதோடு ஒரு ரசமும் ஒரு பருப்பும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். பெட்டியில் இடத்தை அடைக்காது.

என் கதையைக் கேட்கிறீர்களா? அன்று இரவு எங்கள் வீட்டில் ரசம் நான்தான் வைத்தேன். நுரை கூடியதும் சரியாக இறக்கிவிட்டேன். பெருங்காயம்தான் மறந்துவிட்டது.