உடனாசிரியரோடு மாறுபடுதல்

ஆசிரியர் கூடியிருக்கும் அறையிலே கருத்து வேறுபாடு தோன்றுதல் இயல்பு. தோன்றாதாயின், அங்கே சிந்திப்பார் எவருமிலரோ என்று யாம் ஐயுறுவோம். மாறுபட்டவர் மறுநாட் காலையில் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதே கருதத்தக்கது.

தமிழன்பர் அறிந்த வரலாறொன்றை ஈண்டு நினைவுகூர்வாம். சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் வீரசோழியம் முதலியவற்றை அச்சேற்றிப் பெரும்புகழ் எய்தியவர்கள். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரவர்களோ அவரினும் 22 ஆண்டு இளையவர். ஐயரவர்கள் சமண நண்பர்களிடம் கேட்டறிந்து ஆராய்ந்து வைத்திருந்த சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பிப் பன்முறை வேண்டினார்கள். ஐயரவர்கள் இணங்கவில்லை. மூத்தவர் கேட்டமையாற் கொடுத்துவிடவுமில்லை. கேட்டமைக்காக அவரைப் பகைத்துக்கொள்ளவுமில்லை. 1887 இலே சிந்தாமணி ஐயரவர்களாலும், கலித்தொகை பிள்ளையவர்களாலும் வெளிவந்தன. தமிழுக்கு இரண்டு நூல்கள் கிடைத்தன. பணிவென்பது இணங்கிப்போதல் என்று கருதுவார் இதனைச் சற்றே எண்ணிப்பார்ப்பாராக.

எம் அனுபவம் மிகச் சிறியது. அட்டனுக்கு அணித்தான தோட்டப் பாடசாலையொன்றிலே மாணவியொருத்தி, "அம்மா விடியுமுன்னரே பெரட்டுக்குப் போய்விட்டார்" என்று கட்டுரையில் எழுதினாள். எம்மினும் மூத்த ஆசிரியரொருவர் 'பெரட்டு' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது, தமிழன்று என்பது அவர் கொள்கை. தொழிலாளரை வைகறையிலே நிரைப்படுத்திப் பெயரழைத்து வேலை பகிர்தலுக்கு லயத்துப் பிள்ளை அறிந்த சொல் வேறில்லை என்பது எம் கொள்கை.

மாணவர் முன்னிலையில் யாம் வாய்திறந்திலேம். இடைவேளையில் அவர் தேநீர் அருந்தி முடித்தபின், "ஐயா, இதற்கு ஈடாக நாம் எச்சொல்லைக் கொடுக்கலாம்?" என்று வினவினோம். சிறிது சிந்தித்து, "அணிவகுப்பு" என்றார், பின்னர், "பொலிசார் நினைவன்றோ வருகின்றது!" என்று தாமே நகைத்தார். ஆயினும் தம் கொள்கையை விட்டாரல்லர். "பரீட்சைத் தாளைத் திருத்துபவர் தோட்டத்தைக் கண்டிராதவராயிருப்பின், புள்ளியை இழப்பவள் இப்பிள்ளையல்லவா?" என்றார். யாம் அதனை அதுகாறும் எண்ணியிருந்திலேம். வலிய நியாயம், எமக்கு இன்றும் அதற்கு முழு விடை கிடைத்திலது.

இப்பொழுதும் அவர் க. பொ. த. வகுப்பிலே அச்சொல்லை அடிக்கின்றார். யாம் கீழ்வகுப்பிலே விட்டுவிடுகின்றோம். அம்மாணவிக்கு இருவர் நியாயமும் தெரியும். அவள் 'பெரட்டு' என்பதை மேற்கோட்குறிக்குள் இட்டு, அடுத்த வரியிலே பொருளும் எழுதி வருகின்றாள்.